சம்மர் கேம்ப் நடத்துகிறவர்கள் கேட்டவை: வாலண்டியர் பயிற்சி முதல் போலீஸ் சரிபார்ப்பு வரை

கோடை விடுமுறையில் குழந்தைகளுக்கு முகாம் நடத்துகிறவர்கள் கேள்விகளை அனுப்பலாம் என்று சொல்லியிருந்தேன். தலைப்பு ஒன்றே ஒன்றுதான்: நம்மையும் நம்மிடம் வேலை செய்கிறவர்களையும் எப்படித் தயார்செய்துகொள்வது. அப்படிச் சொல்லியும் பாதிப் பேர் டீ-ஷர்ட் எங்கே மலிவு, ஃப்ளெக்ஸ் எத்தனை அடி வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அதையெல்லாம் ஒதுக்கிவிட்டேன். ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்தும் விட்டேன்.

கேள்வி (திருச்சி, வீட்டு மாடியில் ஓவியமும் செஸ்ஸும் சொல்லித்தருகிறவர்): அக்கா, முகாம் நடத்தக் கற்றுக்கொடுக்கும் கோர்ஸ் ஏதாவது இருக்கிறதா? சான்றிதழ் இருந்தால் பெற்றோரிடம் கொஞ்சம் மதிப்பு கிடைக்கும்.

பதில்: அமெரிக்காவில் 1910 முதலே முகாம் நடத்துகிறவர்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது, அமெரிக்கன் கேம்ப் அசோசியேஷன் என்று பெயர். முகாம்களுக்குத் தரநிலைகள் வைத்து, ஆள் அனுப்பி நேரில் பார்த்து அங்கீகாரம் தருகிறார்கள். நம் ஊரில் இது ஒரு மாதத்து வேலை என்பதால் யாரும் அந்த அளவுக்கு மெனக்கெடுவதில்லை, துண்டு துண்டாகத்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். முதலுதவிக்கு செயின்ட் ஜான் ஆம்புலன்ஸோ செஞ்சிலுவைச் சங்கமோ போங்கள். வெளியூர் கூட்டிப்போய்த் தங்கவைக்கிற முகாம் என்றால் சாரணர் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். கூடாரம், சமையல், இரவுக் காவல், மணிக்கொரு தரம் தலை எண்ணுவது எல்லாம் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எளிய அறிவியல் சோதனைகளுக்குத் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் மாவட்டக் கிளையில் கேட்டால் சந்தோஷமாக வந்து செய்துகாட்டுவார்கள். சான்றிதழ் விஷயத்தில் என் அபிப்பிராயம்: முதலுதவிச் சான்றிதழ் ஒன்றுதான் சுவரில் மாட்டத் தகுதியானது, அதுவும் காலாவதி ஆகாமல் இருந்தால். வார இறுதி ஆன்லைன் வகுப்பில் எல்லோருக்கும் கொடுக்கும் "சைல்ட் சைக்காலஜி எக்ஸ்பர்ட்" வகையறாக்களுக்குக் காசைக் கொட்டாதீர்கள்.

கேள்வி (மதுரை): எங்களிடம் வருகிற வாலண்டியர்கள் எல்லாம் கல்லூரிப் பிள்ளைகள். நல்ல பிள்ளைகள்தான், ஆனால் குழந்தைகள் கலாட்டா செய்தால் ஒன்று கத்துகிறார்கள், இல்லையென்றால் மொபைலை எடுத்து உட்கார்ந்துவிடுகிறார்கள். இவர்களுக்கு என்ன பயிற்சி கொடுப்பது?

பதில்: இந்தக் கேள்விதான் அதிகம் பேரிடமிருந்து வந்திருக்கிறது. முகாம் நடத்துகிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், குழந்தையோடு நாள் முழுக்க இருப்பது அந்தப் பத்தொன்பது வயதுப் பையன்தான். உங்கள் முகாமின் தரம் என்பது அவன் பதினொன்றரை மணிக்கு, பசியும் வெயிலும் ஏறின நேரத்தில், எப்படி நடந்துகொள்கிறான் என்பதுதான். அவனுக்கோ முதல் நாள் காலை ஒரு தொப்பியைக் கொடுத்து "பசங்களைப் பாத்துக்கோ" என்பதோடு நம் பயிற்சி முடிந்துவிடுகிறது.

நான் சொல்வது ஒத்திகை. முகாமுக்கு முன்னால் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள், முழு நாள். பவர்பாயின்ட் வேண்டாம், "குழந்தைகளிடம் அன்பாக இருங்கள்" என்ற சொற்பொழிவும் வேண்டாம். வாலண்டியர்களில் பாதிப் பேர் குழந்தைகளாக நடிக்கட்டும், மீதிப் பேர் பார்த்துக்கொள்ளட்டும், பிறகு மாற்றிக்கொள்ளட்டும். என்னென்ன காட்சிகள் என்றால், முதல் நாள் அம்மா போனதும் வாசலைப் பிடித்துக்கொண்டு அழுகிற ஐந்து வயதுக் குழந்தை. பம்பரத்துக்காக இன்னொருவனைக் கடித்துவிட்டவன். "நான் விளையாட மாட்டேன்" என்று மூலையில் உட்கார்ந்து அடம்பிடிப்பவள். டவுசரை நனைத்துக்கொண்டு அதை மறைக்கப் பார்க்கிற பையன். சாயங்காலம் "நான் இவளுக்கு மாமா, அப்பா அனுப்பினார்" என்று வந்து நிற்கிற முன்பின் தெரியாத ஆள். கடைசிக் காட்சியை மட்டும் மூன்று நான்கு தடவை செய்யுங்கள், மாமாவாக நடிப்பவர் கோபப்படட்டும், கெஞ்சட்டும், "என்னைச் சந்தேகப்படுகிறாயா" என்று மிரட்டட்டும். பெரியவர்களிடம் "முடியாது சார், பட்டியலில் உங்கள் பெயர் இல்லை" என்று சொல்லி நம் பிள்ளைகளுக்குப் பழக்கமே கிடையாது. வாயால் சொல்லிப் பார்த்தால்தான் அன்றைக்கு வரும்.

கத்துவது பற்றி: மாற்று எதுவும் கையில் இல்லாததால்தான் கத்துகிறார்கள். கூட்டத்தை அமைதிப்படுத்த ஆளுக்கு மூன்று வழிகளாவது தெரிந்திருக்கட்டும். கைதட்டல் தாளம் ஒன்று, பதில் பாட்டு ஒன்று, குரலைத் தாழ்த்திக்கொண்டே போவது ஒன்று. அப்புறம் காத்திருக்கும் நேரத்துக்கு, பெரிதாகப் பொருள் எதுவும் தேவைப்படாத ஐந்தாறு விளையாட்டுகள். கொலை கொலையா முந்திரிக்கா, கிளித்தட்டு, நொண்டி இதெல்லாம் இந்தத் தலைமுறை வாலண்டியர்களுக்கே தெரியவில்லை. ஒத்திகை நாளில் அவர்களையே வியர்க்க விளையாட வையுங்கள். கலாட்டாவில் முக்கால்வாசி ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில்தான் வருகிறது, அந்தப் பத்து நிமிடத்துக்கு யார் பொறுப்பு என்று பெயர் எழுதி ஒட்டிவிட்டால் மொபைல் பிரச்சினையும் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

முகாம் தொடங்கின பிறகு தினமும் குழந்தைகள் போனதும் இருபது நிமிடம் எல்லோரும் உட்காருங்கள். இன்று எந்தக் குழந்தை யாரோடும் பேசவில்லை? எந்த நேரத்தில் கட்டுப்பாடு நழுவியது? நாளைக்கு எதை மாற்றுகிறோம்? இந்த மூன்றையும் தாண்டிப் பேச்சை வளர்க்காதீர்கள், பிள்ளைகள் பஸ் பிடிக்க வேண்டும். யாரையும் பெயர் சொல்லித் திட்டுகிற இடமாக இதை ஆக்கினால் மூன்றாம் நாளே ஆள் வராது.

கேள்வி (ஈரோடு): எத்தனை குழந்தைக்கு ஒரு பெரியவர்?

பதில்: நான் மேலே சொன்ன அமெரிக்கச் சங்கத்தின் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள். பகல்நேர முகாமில் 4–5 வயதினர் 6 பேருக்கு ஒருவர், 6–8 வயதுக்கு 8 பேர், 9–14 வயதுக்கு 10 பேர், 15–18 வயதுக்கு 12 பேர். இரவு தங்குவது என்றால் இதே வரிசையில் 5, 6, 8, 10. மைக் பிடிக்கிறவர், சமையல்காரர், ஃபீஸ் வாங்குகிறவர் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

கேள்வி (சென்னை, அடுக்குமாடிக் குடியிருப்பு): நாங்கள் நான்கு தாய்மார்கள் சேர்ந்து நடத்துகிறோம். ஓவியம் சொல்லித்தருபவர் எங்கள் பிளாக்கில் இருப்பவர், கராத்தே மாஸ்டர் என் கணவரின் நண்பர். இவர்களுக்கெல்லாம் போலீஸ் வெரிஃபிகேஷன் கேட்டால் தப்பாக நினைக்கமாட்டார்களா?

பதில்: நினைத்தால் நினைக்கட்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012இல் வந்தது, அதன் கீழ் 2020இல் வந்த விதிகள் தெளிவாகச் சொல்கின்றன: பள்ளி, குழந்தைகள் காப்பகம், விளையாட்டு அகாடமி மட்டுமில்லை, குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் எந்த அமைப்பாக இருந்தாலும், குழந்தைகளோடு பழகும் ஊழியர்கள் அத்தனை பேருக்கும், ஒப்பந்த ஆட்கள் உட்பட, போலீஸ் சரிபார்ப்பு செய்ய வேண்டும், குழந்தைப் பாதுகாப்பு பற்றி அவ்வப்போது பயிற்சியும் கொடுக்க வேண்டும். உங்களுடையது சின்ன முகாம்தானே என்று வாதாடிக்கொண்டிருப்பதைவிடச் செய்துவிடுவது சுலபம். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். உங்கள் நான்கு பேருக்கும் சேர்த்தே போடுங்கள், அப்போது கராத்தே மாஸ்டருக்கும் உறுத்தாது.

"தெரிந்தவர்தானே" என்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட பெரும்பாலான வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்கு முன்பே தெரிந்தவர். அதனால் காகிதத்தோடு நிறுத்தாமல் நடைமுறையை மாற்றுங்கள். மூடின அறையில் ஒரு பெரியவரும் ஒரு குழந்தையும் மட்டும் இருக்கக் கூடாது. கழிப்பறைக்கு யார், எப்படிக் கூட்டிப்போவது என்று எழுதி வையுங்கள். வாலண்டியர் தன் சொந்த மொபைலில் குழந்தைகளைப் படமெடுப்பதோ தனியாக மெசேஜ் அனுப்புவதோ கூடாது. இதையும் ஒத்திகையில் பேசுங்கள், கூச்சப்பட்டுக்கொண்டு தாண்டாதீர்கள்.

ஒரு குழந்தை வந்து ஏதாவது சொன்னால் என்ன செய்வது என்பது ஒவ்வொரு வாலண்டியருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கேட்டுக்கொள்ளுங்கள், குறுக்கு விசாரணை வேண்டாம், "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள், குழந்தை சொன்ன வார்த்தைகளிலேயே எழுதிவைத்து அன்றே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். பொறுப்பாளர் காவல்துறையிடம் தெரிவிக்க வேண்டும், குழந்தைகள் உதவி எண்ணான 1098இலும் உதவி கேட்கலாம். நாமே இருதரப்பையும் கூப்பிட்டுப் பேசி முடித்துவிடலாம் என்ற பஞ்சாயத்தே கூடாது. தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் 6 மாதம் வரை சிறை. தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை.

கேள்வி (கோவை, நீச்சலும் விளையாட்டும் சேர்ந்த முகாம்): முதலுதவிக்கு யூடியூப் வீடியோ காட்டினால் போதாதா?

பதில்: போதாது. சிபிஆர், அதாவது இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி மூச்சும் கொடுப்பது, கைக்குப் பழக வேண்டிய விஷயம். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, நெஞ்சின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு, சின்னப் பிள்ளைக்குச் சுமார் 5 சென்டிமீட்டர், அழுத்த வேண்டும் என்று காதால் கேட்டால் புரிந்த மாதிரி இருக்கும். பொம்மையில் இரண்டு நிமிடம் அழுத்திப் பாருங்கள், மூச்சு வாங்கும். நீங்கள் நீச்சல் வைத்திருப்பதால் இன்னொன்று: தண்ணீரில் மூழ்கினவருக்கு நெஞ்சை அழுத்துவது மட்டும் போதாது, முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்க வேண்டும், பிறகு தனியாள் என்றால் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கிறேன் என்று நேரத்தை வீணாக்கக் கூடாது. நீச்சல் மாஸ்டர் கற்றுக்கொடுக்கிற நேரத்தில் கரையில் நின்று பார்ப்பதற்கென்றே, வேறு எந்த வேலையும் இல்லாமல், மீட்கத் தெரிந்த ஒரு ஆள் இருக்க வேண்டும். மாஸ்டரே அதையும் பார்த்துக்கொள்வார் என்றால் நீச்சலை எடுத்துவிடுங்கள்.

மற்றபடி நம் ஊர் வழக்கங்களை மறக்கடிப்பதுதான் பயிற்சியில் பாதி. வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிறார்கள், வாயில் துணி வைக்கிறார்கள். இரண்டும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, சுற்றியிருப்பதை நகர்த்திவிட்டு, கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் 108. நாய் கடித்தால் மஞ்சளும் சுண்ணாம்பும் பூசாமல் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், சின்னக் கீறல் என்றாலும். வெயிலில் சுருண்ட பிள்ளை குழறிப் பேசினால் அது சாதாரணக் களைப்பு இல்லை. நிழலுக்குத் தூக்கி உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், குழறுகிற பிள்ளை வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அக்னி நட்சத்திரத்தில் பத்து மணிக்கு மேல் திறந்த மைதானத்தில் கபடி வைக்கிறவர்களைப் பற்றி நான் எதுவும் எழுதாமல் இருப்பதே நல்லது.

கேள்வி (சேலம்): 30 குழந்தைகள், தலைக்கு 1,500 ரூபாய். மொத்தமே 45,000. இதில் பயிற்சிக்கு எங்கே போவேன் அக்கா?

பதில்: டீ-ஷர்ட், கோப்பை, பதக்கம், கடைசி நாள் மேடை எல்லாவற்றுக்கும் எவ்வளவு போகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தலைக்கு 200 ரூபாய் ஆனாலே 6,000. அதில் முதலுதவி வகுப்பு, ஒத்திகை நாட்களில் வாலண்டியர்களுக்குச் சாப்பாடு, பஸ் செலவு, கையில் கொஞ்சம் பணம் எல்லாவற்றுக்கும் வழி பிறக்கும். ஒத்திகை நாளுக்கும் பணம் கொடுங்கள், ஓசியில் வரச்சொன்னால் ஓசியில்தான் வருவார்கள். பக்கத்தில் முகாம் நடத்துகிற இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டால் வகுப்புச் செலவு மூன்றாகப் பிரியும். போட்டியாளர்கள்தான், இருந்தால் என்ன?

கேள்வி (தஞ்சாவூர்): ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் அம்மா கேட்கிறார்கள். எங்களுக்குப் பயிற்சி இல்லை என்று சொல்லி மறுத்துவிடலாமா?

பதில்: மறுப்பதற்கு முன்னால் அந்த அம்மாவோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். எந்தச் சத்தம் பிடிக்காது, எது அவனை அமைதிப்படுத்தும், பசித்தால் எப்படிக் காட்டுவான் என்று அவரைவிட நன்றாக எந்த வகுப்பும் சொல்லித்தராது. அன்றைய நிகழ்ச்சிகளைப் படங்களாக வரிசையாக ஒட்டுவது, ஸ்பீக்கரைக் குறைப்பது, ஒதுங்கி உட்கார ஒரு மூலை, கூட ஒரு ஆள். படவரிசையும் அமைதி மூலையும் மற்றக் குழந்தைகளுக்கும் உதவுவதை நீங்களே பார்ப்பீர்கள். முறையாகக் கற்க வேண்டும் என்றால் சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது, குறுகிய காலப் பயிற்சிகள் பற்றி விசாரியுங்கள். கூட ஒரு ஆளைப் போட உங்களால் முடியவே முடியாது என்றால் அதை நேராகச் சொல்லிவிடுங்கள், "இடம் நிரம்பிவிட்டது" என்று பொய் வேண்டாம்.

கேள்வி (புதுச்சேரி): நிறைய வருடமாக நடத்துகிறேன். வாலண்டியர்கள் சரி, எனக்கு யார் பயிற்சி தருவது? ஒரே காகிதக் கொக்கு, ஒரே பாட்டு, எனக்கே சலித்துவிட்டது.

பதில்: மற்றவர் முகாமில் ஒரு நாள் உதவியாளராகப் போய் நில்லுங்கள், பொறுப்பாளராக இல்லாமல். பதிலுக்கு அவரை உங்கள் முகாமுக்குக் கூப்பிட்டு, ஒரு மூலையில் உட்காரவைத்து, நீங்கள் எந்தக் குழந்தைகளோடு பேசுகிறீர்கள், யாரைக் கவனிக்காமலே விடுகிறீர்கள் என்று குறிக்கச் சொல்லுங்கள். வாசிக்கும்போது கொஞ்சம் சுருக்கென்று இருக்கும். காகிதக் கொக்குக்குப் பதிலாக, வீணான பொருட்களில் அறிவியல் பொம்மைகள் செய்யக் கற்றுத்தரும் அரவிந்த் குப்தாவின் இணையதளத்தைப் பாருங்கள், தீப்பெட்டி, ஸ்ட்ரா, பழைய செய்தித்தாள் இதை வைத்தே செய்கிற பொம்மைகள் கொட்டிக்கிடக்கின்றன, எல்லாம் இலவசம். நாடகம் பக்கம் போக விருப்பம் என்றால் உள்ளூர் நாடகக் குழுவின் பயிற்சிப் பட்டறையில் பங்கேற்பாளராகச் சேருங்கள். நாமே வட்டத்தில் நின்று அசட்டுத்தனமாக ஆடிப் பார்த்து நாளாகிவிட்டது, வெட்கப்படும் குழந்தையின் நிலைமை அங்கே நன்றாகப் புரியும்.

கேள்வி (நாகர்கோவில்): மே முதல் வாரம் தொடக்கம். ஒத்திகையை எப்போது வைப்பது? பிள்ளைகளுக்குச் செமஸ்டர் பரீட்சை வருகிறதே.

பதில்: மார்ச் கடைசியில் ஒரு ஞாயிறு, அதில் விளையாட்டும் காட்சிகளும். முதலுதவி வகுப்பைப் பரீட்சை முடிந்ததும் வைத்துக்கொள்ளலாம், மறந்துபோகாமலும் இருக்கும். இரண்டாவது ஒத்திகையை முகாம் நடக்கப்போகும் இடத்திலேயே, தொடங்குவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால் வையுங்கள். கேட் பூட்டுகிறதா, கிணறு மூடியிருக்கிறதா, கழிப்பறைத் தாழ்ப்பாளைக் குழந்தை உள்ளிருந்து திறக்க முடிகிறதா என்று வாலண்டியர்களையே பார்த்து எழுதச் சொல்லுங்கள். இரண்டு நாளுக்கும் வராதவரை முகாமுக்கு எடுக்காதீர்கள், அவர் உங்கள் சித்தி மகனாகவே இருந்தாலும்.