மறுமலர்ச்சிக் கால சமய ஓவியத்தை எப்படி ரசிப்பது, அதன் பிரதியை வீட்டில் எங்கே மாட்டுவது?

இத்தாலிய ஓவியர் ஃபிரா ஆஞ்செலிகோ வரைந்த ‘மங்கள வார்த்தை’ ஓவியத்தின் (இயேசுவைப் பெற்றெடுப்பாய் என்று வானதூதர் கன்னி மரியாளுக்கு அறிவிக்கும் காட்சி) அச்சுப் பிரதியை வாங்க விரும்புவதாகவும், கிறித்தவர் அல்லாத நீங்கள் அதை வரவேற்பறையில் மாட்டுவது முறைதானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்தப் படம் எங்கள் வீட்டில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறது. தாராளமாக மாட்டலாம். ஆனால், வரவேற்பறையைக் காட்டிலும் பொருத்தமான இடம் ஒன்று உண்டு. அது எது என்று ஓவியமே சொல்கிறது.

மூல ஓவியம் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில், இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் சான் மார்க்கோ மடத்தின் மாடியில், படிக்கட்டு ஏறி முடியும் இடத்துக்கு எதிர்ச் சுவரில் இருக்கிறது. 1436இல் தொமினிக்கன் என்ற கத்தோலிக்கத் துறவற சபையினருக்குக் கிடைத்த அந்த மடம், அந்நகரின் செல்வாக்குமிக்க வங்கியாளர் கோசிமோ தெ மெதிச்சியின் பொருளுதவியால் புதுப்பிக்கப்பட்டது. அதே சபையின் துறவியான ஆஞ்செலிகோ, 1440ஐ ஒட்டிய ஆண்டுகளில், தம் உதவியாளர்களோடு மாடியின் 40க்கும் மேற்பட்ட சிற்றறைகளிலும் நடைகளிலும் சுவரோவியங்கள் தீட்டினார். ஆக, இது ஊரார் கூடும் பீடத்துக்காக வரையப்பட்டதன்று. தம் அறைக்குத் திரும்பும் துறவி நாள்தோறும் கடந்து போகும் வழியில் வரையப்பட்டது. படத்தின் அடியோரத்தில் லத்தீனில் ஒரு வரி எழுதப்பட்டிருக்கிறது: கன்னியின் உருவத்தின் முன் வந்து கடந்து செல்கையில், ‘வாழ்க’ என்று சொல்லாமல் போய்விடாதபடி பார்த்துக்கொள். வானதூதர் கபிரியேல் மரியாளுக்குச் சொன்ன வாழ்த்தும் அதுதான். தமிழ்க் கத்தோலிக்கர்கள் சொல்லும் ‘அருள் நிறைந்த மரியே வாழ்க’ என்ற மங்கள வார்த்தைச் செபத்தின் தொடக்கமும் அதுதான். அதாவது, தூதர் சொல்வதையே கடந்து போகிறவரும் சொல்ல வேண்டும் என்று ஓவியம் கேட்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு அந்தப் படம் பேசத் தொடங்கியது.

பார்க்கும்போது கைகளிலிருந்து தொடங்குங்கள். தூதரும் மார்பின் குறுக்கே கை கட்டியிருக்கிறார், மரியாளும் அப்படியே. இருவரும் ஒருவர் முன் ஒருவர் சற்றே குனிந்திருக்கிறார்கள், யார் யாரை வணங்குகிறார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி. இவ்வளவு பெரிய செய்தியைப் பெறுகிறவர் அமர்ந்திருப்பதோ ஒரு சாதாரண மர முக்காலியில். அவர் எழுந்து நின்றால் அந்த மண்டபத்தில் தலை இடிக்கும். உருவங்களுக்கு அளவு அப்படித் தரப்பட்டிருக்கிறது. பின்னால் கம்பியிட்ட சிறு சன்னல் ஒன்று. இடப்பக்கம் மரவேலி அடைத்த தோட்டம், புல்லில் பொடிப்பொடியாகப் பூக்கள். வேலியிட்ட தோட்டம் கன்னிமையின் அடையாளம். இதே காட்சியை ஆஞ்செலிகோ முன்பு பலகையில் வரைந்த ஓவியம் ஸ்பெயினின் மத்ரித் நகரில் உள்ள பிராதோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் பொன்கதிர், புறா, மரியாளின் மடியில் புத்தகம், ஏதேனைவிட்டு வெளியேறும் ஆதாமும் ஏவாளும் என எல்லாம் உண்டு. சான் மார்க்கோவில் அவை ஒன்றுமே இல்லை. வாழ்த்தும் அதற்குப் பதில் வருமுன் உள்ள அமைதியும் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. இந்த ஓவியத்தை நான் அதைவிட மேலாக வைப்பது இதனால்தான். நம்பிக்கை இல்லாதவரும் அந்த அமைதியில் நிற்க முடியும் என்றே நினைக்கிறேன்.

பிரதி வாங்கும்போது நான் முதலில் ஏமாந்தேன். இணையத்தில் வாங்கிய படம் பளபளப்பான தாளில் வந்தது. போதாக்குறைக்கு, சட்டத்துக்குப் பொருந்துவதற்காக அடியோரம் வெட்டப்பட்டு, அந்த லத்தீன் வரியே காணாமல் போயிருந்தது. மூலமோ ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மேல் தீட்டிய சுவரோவியம். எண்ணெய் ஓவியத்தின் மினுக்கம் அதற்குக் கிடையாது. தூதரின் பலவண்ணச் சிறகுகளில் மட்டும் மின்னும் மணல்துகள்கள் கலக்கப்பட்டிருக்கின்றன. அதை எந்த அச்சும் தராது. எனவே மங்கலான மேற்பரப்புள்ள கனமான தாளில், ஓரங்கள் முழுமையாக உள்ள பிரதியைத் தேடுங்கள். சட்டம் மெல்லிய மரமாக இருக்கட்டும். தங்க வேலைப்பாடு வேண்டாம். ஏறக்குறைய 3 மீட்டர் அகலமுள்ள ஓவியத்தைக் கையகலத்துக்குச் சுருக்கினால் பூக்களும் சன்னலும் தெரியாமலே போய்விடும். எங்களுடையது 75 சென்டிமீட்டர் அகலம். அதற்குக் குறைய வேண்டாம்.

இடத்தைப் பொறுத்தவரை, சோபாவுக்கு மேலே மாட்டினால் உட்காருகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் போய்விடும். நடந்து வரும்போது எதிர்ப்படும் சுவரே இதற்கு உரியது: மாடிப்படித் திருப்பம், படுக்கையறைக்குப் போகும் நடை, இரண்டும் இல்லையென்றால் வாசலுக்கு நேர் எதிர்ச்சுவர். நேர் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் மாடிப்படித் திருப்பத்தில், மேலேறி வருகிறவரின் கண் மட்டத்தில் மாட்டியிருக்கிறோம். அம்மாவுக்கு மூட்டுவலி, ஏறும்போது அந்த இடத்தில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு சற்று நிற்பார். அடியில் உள்ள வரியை நான் அவருக்குப் படித்துச் சொன்னதில்லை. ஆனாலும் மூச்சு வாங்கிக்கொண்டே ‘அருள் நிறைந்த மரியே’ என்று தொடங்கி, செபம் முடிந்த பிறகுதான் அடுத்த படியில் கால் வைப்பார்.