ஒரே கடையில் இரண்டு ரவுட்டர்: முகவரி கொடுப்பது யார்?

ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பின்னறைக்கு வைஃபை எட்டவில்லை என்று, வீட்டில் சும்மா கிடந்த பழைய ரவுட்டரைக் கொண்டுவந்து, முன்பக்க ரவுட்டரிலிருந்து கேபிள் இழுத்து இரண்டையும் லேன் போர்ட்டில் இணைத்தாராம். அன்றிலிருந்து ஒரு நாள் நெட் வருகிறது, மறுநாள் இல்லை, பிரிண்டரும் அவ்வப்போது காணாமல் போகிறது. ரவுட்டர் பழுதா என்கிறார்.

பழுதெல்லாம் இல்லை. இரண்டுமே ஒழுங்காக வேலை செய்வதுதான் தொல்லை.

நெட்வொர்க்கில் புதிதாகச் சேரும் கம்ப்யூட்டருக்கு முகவரியும் (அதை அடையாளம் காட்டும் ஐபி எண்) கிடையாது, யாரிடம் கேட்பது என்றும் தெரியாது. அதனால் 0.0.0.0 என்று போட்டுக்கொண்டு, 'யாராவது முகவரி கொடுங்கள்' என்று எல்லோருக்கும் கேட்கும்படி கூவுகிறது. ரவுட்டருக்குள் இருக்கும், முகவரி வழங்கும் டிஎச்சிபி சர்வர் '192.168.1.14 காலியாக இருக்கிறது, வேண்டுமா?' என்று கேட்கும். 'சரி, அதையே கொடு' என்று கம்ப்யூட்டர் சொன்னதும், இத்தனை மணி நேரத்துக்கு என்று கெடு வைத்து, கேட்வே (வெளி நெட்டுக்குப் போகும் வாசல்), டிஎன்எஸ் (தளங்களின் பெயருக்கு எண்ணைத் தேடித் தருவது) விவரங்களோடு சேர்த்துக் கொடுத்துவிடும். வாடகை வீடு மாதிரிதான், பாதிக் கெடு முடிந்ததுமே கம்ப்யூட்டர் தானாகப் புதுப்பிக்கக் கேட்கும்.

உங்கள் கடையில் அந்தக் கூவலுக்கு இரண்டு பேர் பதில் சொல்கிறார்கள். பெரும்பாலும் முதலில் வந்த பதிலையே கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். பழைய ரவுட்டர் முந்திக்கொண்டால் 192.168.1-க்குப் பதிலாக 192.168.0 வரிசையில் ஒரு முகவரியும், கேட்வே என்று தன் பெயரையும் கொடுத்துவிடும், ஆனால் அதனிடம் நெட் லைனே இல்லையே! பிரிண்டர் வேறு அந்த வரிசைக்குப் போய்விட்டால் பில் கம்ப்யூட்டருக்கு அது கண்ணில் படாது.

சந்தேகமிருந்தால் கமாண்ட் பிராம்ப்ட்டில் ஐபிகான்ஃபிக் ஸ்லாஷ் ஆல் (ipconfig /all) அடித்து, டிஎச்சிபி சர்வர் என்ற வரியைப் பாருங்கள், கொடுத்தவர் யாரென்று அதிலேயே இருக்கும். (அங்கே முகவரி 169.254 என்று தொடங்கினால் கதை வேறு, யாருமே பதில் சொல்லவில்லை என்று அர்த்தம்.)

பழைய ரவுட்டரின் செட்டிங்ஸில் முதலில் அதன் லேன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள், அப்புறம் டிஎச்சிபியை ஆஃப் செய்யுங்கள். முன்பக்க ரவுட்டர் வழங்கும் முகவரிகள் 192.168.1.10-லிருந்து தொடங்கும்படி வைத்தால் இந்த 192.168.1.2 வேறு யாருக்கும் போகாது. பிரிண்டரின் மேக் முகவரியை (கருவிக்கே உரிய அடையாள எண்) அதே முன்பக்க ரவுட்டரில் ரிசர்வேஷனில் போட்டுவிட்டால் அதற்கு எப்போதும் ஒரே எண்தான் வரும். பிறகு எல்லாவற்றையும் ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள், பழைய வாடகையைப் பிடித்துக்கொண்டு எதுவும் உட்கார்ந்திருக்கக் கூடாது.