பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் போன் அணையாமல் அசிஸ்டென்ட் (குரல் உதவியாளர்) வந்து நிற்கிறதா?

அப்பாவின் புது சாம்சங் போனில் பழுது எதுவும் இல்லை, கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். அந்தப் பட்டனின் வேலையையே மாற்றி வைத்திருக்கிறார்கள்.

செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு ஃபீச்சர்ஸ், அதற்குள் சைடு பட்டன் (சில மாடல்களில் சைடு கீ) என்று இருக்கும்; பவர் பட்டனைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். நீண்ட நேரம் அழுத்தினால் என்ன வர வேண்டும் என்ற இடத்தில் 'பவர் ஆஃப் மெனு'வைத் தேர்ந்தெடுங்கள். அவ்வளவுதான்.

அதுவரை அவசரத்துக்கு, சைடு பட்டனையும் வால்யூம் குறைக்கும் பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கலாம். சட்டென்று விட்டுவிட்டால் ஸ்கிரீன்ஷாட்தான் விழும். அப்பாவின் கேலரி முழுக்க ஹோம் ஸ்கிரீன் படமாக இருந்தால் காரணம் இதுதான்! அதைவிட எளிது, திரையின் மேல் வலது மூலையிலிருந்து கீழே இழுத்தால் (சில மாடல்களில் இரண்டு முறை) வரும் பேனலில் உள்ள பவர் ஐகான்.

இந்தக் கூத்தை 2017-இல் ஐபோன் எக்ஸ் செய்தது, 2021-இல் ஆண்ட்ராய்டு 12 வந்தபோது கூகுளின் பிக்சல் போனும் செய்தது. குரல் உதவியாளரைப் பழக்கப்படுத்த வேண்டுமென்றால் அதற்கு வேறு வழி தேடியிருக்கலாம். அணைக்கிற பட்டனில் கை வைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. அப்புறம், அதே பக்கத்தில் இருமுறை அழுத்தினால் கேமரா திறப்பதையும் நிறுத்திவிடுங்கள். சட்டைப்பையில் தானாகத் திறக்காது.