உம்ராவுக்கு முன் மூளைக்காய்ச்சல் ஊசி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 66 வயதாகும் என் உம்மா நான்கு வருடம் முன்பு உம்ராவுக்காக மூளைக்காய்ச்சல் ஊசி போட்டார். அடுத்த மாதம் மறுபடி போகிறார். பழைய சான்றிதழே போதும் என்கிறார் ஏஜென்ட். சரியா?

பதில்: சான்றிதழில் ஊசியின் வகை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சவூதி கேட்பது ஏ, சி, டபிள்யூ, ஒய் ஆகிய நான்கு வகைக் கிருமிக்கும் எதிரான மெனிங்கோகாக்கல் ஊசி. ‘கான்ஜுகேட்’ என்றிருந்தால் 5 ஆண்டு செல்லும். ‘பாலிசாக்கரைடு’ என்றால் 3 ஆண்டுதான். வகையே குறிக்காமல் விட்டிருந்தாலும் 3 ஆண்டு என்றே எடுத்துக்கொள்வார்கள். அப்படியானால் உம்மாவுக்கு மறுபடி போட வேண்டும். கான்ஜுகேட்டாகவே கேட்டு வாங்குங்கள். மேல்கைத் தசையில் அரை மில்லி, ஒரே டோஸ். சவூதியில் இறங்குவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டாக வேண்டும், எதிர்ப்புச் சக்தி உருவாக அவ்வளவு நாள் பிடிக்கும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர், ஊசியின் வகை, பேட்ச் எண், தேதி, முத்திரை எல்லாம் இருக்கிறதா என்று அங்கேயே சரிபார்த்துவிடுங்கள்.

கேள்வி: அவர் திரும்பி வரும்போது வீட்டில் கைக்குழந்தை இருக்கும். தொற்றுமா?

பதில்: தொற்றலாம். நோயே வராதவர் தொண்டையிலும் இந்தக் கிருமி தங்கும். இருமல், எச்சில் வழியாகப் பரவும். 2000-ம் ஆண்டு ஹஜ்ஜில் டபிள்யூ வகை பரவியபோது, மக்காவுக்கே போகாத, ஹாஜிகளின் வீட்டார் ஐரோப்பாவில் நோயில் விழுந்தார்கள். கான்ஜுகேட் ஊசி தொண்டையில் கிருமி தங்குவதையும் ஓரளவு குறைக்கும். அதை நாங்கள் வலியுறுத்துவது இதற்காகவும்தான்.

பெரியவர்களுக்குக் கடும் காய்ச்சல், தலைவலி, கழுத்து விறைப்பு, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை ஆகியவை அறிகுறிகள். கைக்குழந்தைக்குக் கழுத்து விறைக்காமலே போகலாம். பால் குடிக்காது, ஓயாமல் அழும், உச்சிக்குழி புடைக்கும். தோலில் சிவப்பு, ஊதாப் புள்ளிகள் தெரிந்தால் கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்துங்கள். மறையவில்லை என்றால் உடனே பெரிய மருத்துவமனைக்கு ஓடுங்கள். நம் மாநிறத் தோலில் புள்ளி எளிதில் தெரியாது. உள்ளங்கை, உள்ளங்கால், கீழ் இமையின் உட்புறம் பாருங்கள். புள்ளி இல்லாவிட்டாலும் பாராசிட்டமால் கொடுத்து விடியும்வரை காத்திருக்க வேண்டாம், ஒரே நாளில் உயிர் போகக்கூடிய நோய் இது. உம்ரா போய்வந்ததை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். நோய் உறுதியானால் வீட்டில் நெருங்கிப் பழகிய எல்லோருக்கும், ஊசி போட்டவர்களுக்கும் சேர்த்து, தடுப்பு ஆன்டிபயாடிக் தருவார்கள்.

கேள்வி: ஒன்றேகால் வயது மகளையும் கூட்டிப்போகிறோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூளைக்காய்ச்சல் ஊசி போட்டாயிற்றே?

பதில்: அது கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கானது. இதற்கு உதவாது. ஒரு வயது தாண்டிய குழந்தைக்கும் சவூதி மெனிங்கோகாக்கல் சான்றிதழ் கேட்கும். இரண்டு வயதுக்குள் சில பிராண்டுகளை 3 மாத இடைவெளியில் இரண்டு டோஸாகப் போட வேண்டியிருக்கும். டிக்கெட் எடுப்பதற்கு முன்பே குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.