ஒரே அறை, ஒரே ஏசி

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஏழு பேருக்கு ஒரே ஏசி. மேலதிகாரி எப்போதும் 20 பாகையில் வைப்பார். நான் சால்வை போர்த்திக்கொண்டு இருக்கிறேன். யன்னலோரம் இருப்பவருக்கோ வியர்க்கிறது. குளிருது என்று சொன்னால், "உங்களுக்கு இரத்தம் இல்லை" என்கிறார்கள். கோளாறு என் உடம்பிலா?
- வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: இல்லை மகள். கட்டட வேலையிலேயே காலம் போனவன் நான். இந்தச் சண்டை நடக்காத அலுவலகத்தை நான் காணவில்லை.

டென்மார்க் நாட்டுப் பேராசிரியர் ஃபாங்கர் 1970இல் இதற்கு ஒரு கணக்குப் போட்டார். காற்றின் வெப்பநிலை, சுவரிலும் கூரையிலும் இருந்து வரும் வெக்கை, காற்றோட்டம், ஈரப்பதன், உடுப்பு, உடம்பு செய்யும் வேலை என்று ஆறும் அதில் சேரும். எல்லாம் பொருந்தி வந்தாலும் நூற்றுக்கு ஐந்து பேருக்குப் பிடிக்காது என்பதே அவர் கண்ட முடிவு.

உங்கள் அறையையே பாருங்கள். யன்னலோரம் மேற்கு வெயில் படும் இடமென்றால், கச்சான் என்ற சூடான மேல்காற்று வீசும் காலத்தில் பின்னேரம் அந்தக் கண்ணாடியில் கை வைக்க முடியாது. அந்த வெக்கை நேரே அவர் உடம்பில் படுகிறது; ஏசியை 18க்கு இறக்கினாலும் அது தீராது. மேலதிகாரி நீளக்கைச் சேட்டும் ரையும் சப்பாத்துமாக இருப்பார். நீங்கள் சேலையும் செருப்புமாக, ஒருவேளை ஏசிக் காற்று படும் இடத்திலேயே இருக்கிறீர்கள்.

இன்னொன்று. அலுவலகங்களுக்கான தரங்களில் உடம்பு உண்டாக்கும் வெப்பத்தின் அளவு சராசரி ஆணை வைத்தே எடுக்கப்பட்டிருந்தது. மேசை வேலை செய்யும் இளம் பெண்களின் உடம்பு அதைவிடக் குறைந்த வெப்பத்தையே உண்டாக்குகிறது என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2015இல் அளந்து காட்டினார்கள். ஆகவே அந்த "இரத்தம் இல்லை" பேச்சை இனி ஏற்காதீர்கள். (வெளியிலும் குளிர்ந்து, களைப்பும் இருந்தால் மட்டும் வைத்தியரிடம் காட்டுங்கள்.)

சரி, என்ன செய்யலாம்? ஏசியை 26இல் விட்டு மின்விசிறியைச் சுழலவிடுங்கள். காற்று அசைந்தால் உடம்புக்கு இரண்டு மூன்று பாகை குறைந்தது போலிருக்கும். கல்லடியில் கடற்காற்று வரும் வீடுகளில் 29 பாகையிலும் சுகமாக இருக்கிறோமே. யன்னலுக்கு வெளியே ஒரு தட்டியாவது கட்டுங்கள். உள்ளே திரை போட்டால் போதாது. கண்ணாடியைத் தாண்டிய வெயில் அறைக்குள் வந்த வெயில்தான்.

ஒரு கிழமைக்கு இப்படி வைத்துப் பார்ப்போம் என்று மேலதிகாரியிடம் கேளுங்கள். போகும்போது யன்னலோரம் இருப்பவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். தட்டி முதலில் அவருக்குத்தான் தேவை.