வானம் தோண்டும் முன்: வாசகர் கேள்விகள்

கேள்வி: பழைய வயல் ஒன்றில் ஐந்து சென்ட் மனை வாங்கியிருக்கிறோம். எட்டு வருஷத்துக்கு முன்பு நாலடி உயரத்துக்குச் செம்மண் அடித்து நிரப்பியது. "மண் நல்லா இறுகியாச்சு, மண் டெஸ்ட் எதுக்கு? நாலடி வானம் (அஸ்திவாரப் பள்ளம்) தோண்டிக் கல்லு கட்டினாப் போதும்" என்கிறார் கொத்தனார். மாடியோடு கட்டப் போகிறோம். என்ன செய்யலாம்?
– வாசகி, வில்லுக்குறி

பதில்: எட்டு மழைக்காலம் கண்ட செம்மண் இறுகியிருக்கலாம். கவலை அதற்குக் கீழே கிடக்கும் வயல் சேறு. நாலடி வானம் என்றால் நிரப்பின மண் முடிகிற இடம். சேற்றின் தலையில்தான் உங்கள் கல் உட்காரும்.

நிரப்பின மண்ணே சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 2 டன் பாரம். அந்தப் பாரத்துக்குச் சேறு அமுங்கி முடிந்துவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும், மாடி வீட்டின் பாரம் புதிது. களிமண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் மெல்லத்தான் கசிந்து வெளியேறும் என்பதால் அமுக்கம் வருஷக்கணக்கில் நீளும். வீடு முழுக்கச் சீராக இறங்கினால் பெரும்பாலும் சமாளிக்கலாம். ஒரு மூலையில் சேறு மூன்றடி, எதிர் மூலையில் எட்டடி என்றிருந்தால் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும்.

எனவே டெஸ்ட் கட்டாயம் வேண்டும். சிறிய கட்டடத்துக்கு நடுவில் ஓர் ஆய்வுத் துளை போதும் என்றது மண் ஆய்வுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 1892-இன் 1979 பதிப்பு. நிரப்பின வயலுக்கு எங்கள் யோசனை இரண்டு: ஒன்று வரப்போரம், இன்னொன்று வயல் தாழ்ந்திருந்த பக்கம். "இருபது அடிக்கு இவ்வளவு" என்று ஆழத்தை முன்கூட்டியே பேசி முடிக்காதீர்கள். சேற்றைத் தாண்டி உறுதியான மண்ணுக்குள் போகிறவரை துளைக்க வேண்டும்.

மண்ணின் உறுதியைத் துளைக்குள்ளேயே அளக்கும் எஸ்.பி.டி. (ஊடுருவல்) சோதனை நடக்கும்போது கூடவே நில்லுங்கள். 63.5 கிலோ சுத்தியல் 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுந்து, துளையின் அடியில் ஒரு குழாயை மண்ணுக்குள் இறக்கும். கம்பியில் 15 சென்டிமீட்டருக்கு ஒன்றாக மூன்று சாக்பீஸ் கோடு போட்டிருப்பார்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் எத்தனை சுத்தியல் அடி விழுந்தது என்று நீங்களும் எழுதுங்கள். துளையின் அடிமண் கலைந்திருக்கும் என்பதால் முதல் 15 சென்டிமீட்டர் கணக்கில் சேராது. 3, 4, 5 என்று வந்தால் கடைசி இரண்டின் கூட்டுத்தொகையான 9-தான் மண்ணின் உறுதியைக் காட்டும் 'என்' மதிப்பு. ரிப்போர்ட்டில் 12 என்றிருந்தால் தவறு. இன்னொன்று சுத்தியலைத் தூக்கும் கயிறு. உருளையில் அதைப் பல சுற்றுச் சுற்றிவிட்டால் சுத்தியல் தடையின்றி விழாமல் இழுபட்டு இறங்கும். குழாயை இறக்கக் கூடுதல் அடி தேவைப்படும். நொய்ந்த மண், காகிதத்தில் பலமான மண் ஆகிவிடும்.

களிமண்ணில் 'என்' 4-க்குக் கீழே போனால் அந்த எண்ணை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். மெல்லிய குழாயில் மண்ணைக் கலையாமல் எடுத்து, இரு முனையையும் மெழுகால் அடைத்து ஆய்வகத்துக்கு அனுப்பி அமுக்கச் சோதனை செய்யச் சொல்லுங்கள். வீடு எத்தனை மில்லிமீட்டர் இறங்கும் என்பதை அதை வைத்துத்தான் கணக்கிட முடியும். சேறு ஆழமில்லை என்றால் அள்ளி எடுத்துவிட்டு, மணலும் சரளையும் அடுக்கடுக்காக இட்டு இறுக்கலாம். ஆழம் என்றால் பைல் (உறுதியான மண்வரை இறக்கும் தூண்) அஸ்திவாரம்தான்.

கேள்வி: எங்களுடையது மேட்டு மனை, பிக்காசு இறங்காத சரல் (செம்பூரான் கல்). இதற்கும் டெஸ்ட் வேண்டுமா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: வேண்டும். சரலின் மேல் ஓடு காற்றுப்பட்டு இறுகியது. சில இடங்களில் நாலைந்து அடிக்குக் கீழே வெள்ளையும் இளஞ்சிவப்புமாகக் களிமண் கிடக்கும். கையில் எடுத்து நனைத்தால் வெண்ணெய் போலக் குழையும். ஓட்டைக் கண்டதும் நிறுத்தாமல், அதை உடைத்துக் கீழே பார்க்கும் சோதனைக்குழி ஒன்றாவது தோண்டுங்கள். எஸ்.பி.டி. இங்கே ஏமாற்றலாம்: குழாயின் வாயில் ஒரு சரல் உருண்டை சிக்கினால் எண்ணிக்கை தாறுமாறாக ஏறும்.

ஆய்வகத்தில் ஒரு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். நீர்ம எல்லைச் சோதனைக்கான (எவ்வளவு ஈரத்தில் மண் குழம்பாகிறது என்று பார்ப்பது) மண்ணை அடுப்பில் 105 டிகிரியில் காயவைத்தால் சரல் மண்ணின் குணமே மாறி, உள்ளதைவிடப் பசை குறைந்ததாகக் காட்டலாம். அந்த மாதிரி நிழலில் காயட்டும்.

கேள்வி: கடற்கரையோரம் கருமணல் கலந்த மனை. ஐந்தடியில் தண்ணீர். எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், மணவாளக்குறிச்சி

பதில்: துளைக்குள் நீர்மட்டம் வெளியே உள்ள நிலத்தடி நீரைவிடத் தாழக் கூடாது. தாழ்ந்தால் அடியிலிருந்து மணல் கொதித்து ஏறும். நல்ல மணலுக்கும் 'என்' குறைவாக வரும். மணலின் ஒப்படர்த்தியை (தண்ணீரைப்போல் எத்தனை மடங்கு கனம் என்பதை) வழக்கம்போல் 2.65 என்று எழுதிவிடாமல் அளக்கச் சொல்லுங்கள். கருமணலில் உள்ள இல்மனைட் என்னும் கனிமம் 4.7 அளவுக்குக் கனமானது. 2.65 என்று போட்டால் தளர்ந்து கிடக்கும் மணலும் கணக்கில் நெருக்கமானதாகத் தெரியும். நீரில் குளோரைடு, சல்பேட் இரண்டையும் பார்த்த பிறகே கான்கிரீட்டின் தரத்தையும் கம்பிக்கு மேல் விடும் கவரையும் முடிவு செய்யுங்கள்.