ஈமான் மனப்பாடத்துக்கு மட்டுமா?

அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். என் மகள் எட்டாவது படிக்கிறாள், சாயங்காலம் மதரஸாவுக்குப் போகிறாள். ஈமான் என்கிற நம்பிக்கையைச் சொல்லும் ‘ஆமன்து பில்லாஹி’ வாசகத்தை முழுக்க ஒப்பிப்பாள். போன வாரம் கேட்டாள்: “மலக்கை நம்புறேன், மறுமையை நம்புறேன்னு சொல்றதால என்னம்மா ஆகுது? யாருக்கும் கெடுதல் பண்ணாம இருந்தா போதாதா?” எனக்குப் பதில் வரவில்லை. அகீதா, அதாவது இந்த நம்பிக்கைக் கோட்பாடு, எதற்காக?

வாசகி, தேவகோட்டை

வ அலைக்கும் ஸலாம் தங்கச்சி,

சரியான கேள்விதான் கேட்டிருக்கிறாள். அல்லாஹ், மலக்குகள் (வானவர்கள்), வேதங்கள், நபிமார்கள், மறுமை, கத்ர் (விதி) என்று ஆறையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தவன்தான் நானும். பொருள் பிடிபட்டது ஆத்தங்குடியில், என் அத்தாவின் (அப்பாவின்) தரைக்கல் பட்டறையில்.

கண்ணாடி மேல் அச்சை வைத்து வண்ணச் சிமெண்டை ஊற்றுவார்கள். அச்சை எடுத்ததும் மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துவார்கள். அப்புறம் கல் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊற வேண்டும். சரியாக ஊறாத கல்லும் அதே பளபளப்போடுதான் இருக்கும், வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரியாது. ஒருமுறை கிரகப்பிரவேச அவசரத்தில் ஒருவர் வந்து நின்றார். தொட்டியில் இருந்தது முந்தின நாள் போட்ட கல். ஊறிவிட்டது என்று சொன்னால் நம்பியிருப்பார். எங்களுக்கோ அந்த மாதம் பணமுடை. அத்தா கொடுக்கவில்லை.

“அவருக்குத் தெரியாதேத்தா” என்றேன்.

“அவருக்குத் தெரியாதுதான்” என்றார் அத்தா. அதற்கு மேல் பேசவில்லை.

மலக்கான ஜிப்ரீல் (அலை) மனித உருவில் வந்து நபி (ஸல்) அவர்களிடம் கேள்வி கேட்ட ஹதீஸ் (நபிமொழி) ‘ஸஹீஹ் முஸ்லிம்’ தொகுப்பில் இருக்கிறது. உங்கள் மகள் ஒப்பிக்கும் ஆறும் அதில்தான் வருகின்றன. அதே பேச்சில் இஹ்ஸான் பற்றியும் வருகிறது: அல்லாஹ்வைப் பார்ப்பது போல வணங்கு, நீ அவனைப் பார்க்காவிட்டாலும் அவன் உன்னைப் பார்க்கிறான். அத்தா இதையெல்லாம் விளக்கத் தெரிந்தவர் இல்லை. தொட்டிப் பக்கம் நின்றபோது அவருக்கு அது நினைவிருந்தது, அவ்வளவுதான்.

நம்பிக்கை இல்லாமலே நேர்மையாக வாழ்கிறவர்கள் நம் ஊரிலும் உண்டு. அவர்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். என்னைப் பற்றி மட்டும் சொல்கிறேன்: பணமுடை வந்தால் என் மனசு ‘கெடுதல்’ என்பதற்கே புது அர்த்தம் கண்டுபிடித்துவிடும். அதைப் பிடித்து நிறுத்த எனக்கு ஈமான் வேண்டியிருக்கிறது.

அந்த ஆர்டர் போய்விட்டது. அத்தா வீட்டுக்கு வந்து சாப்பிட்டார், இஷா தொழுதார், தூங்கினார். மறுநாள் சுபுஹு தொழுகை முடிந்ததும் பட்டறைக்குக் கிளம்பிவிட்டார். கத்ரை நம்புவது கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதற்கில்லை. எதற்கு என்று குர்ஆனே சொல்கிறது (57:23): கைவிட்டுப் போனதற்காக நீங்கள் துக்கப்படாமலும், அவன் கொடுத்ததை வைத்துப் பூரித்துப்போகாமலும் இருப்பதற்கு.

மகளுக்குக் குர்ஆனின் மாஊன் சூரா (அத்தியாயம்) மனப்பாடமாக இருக்கும், ஏழே வசனம். இரண்டு பேரும் தமிழில் வாசியுங்கள். தீர்ப்பு நாளைப் பொய்யாக்குகிறவனைப் பார்த்தீரா என்று கேட்டுவிட்டு, அவன்தான் அநாதையை விரட்டுகிறவன் என்கிறது அடுத்த வசனம். கடைசி வசனம் அற்பப் பொருளைக்கூடக் கொடுக்காதவர்களைப் பற்றியது. பக்கத்து வீட்டார் இரவல் கேட்கிற சட்டி, வாளி, கோடாரி மாதிரியான சாமான்கள் என்று குர்ஆன் விரிவுரைகளான தஃப்ஸீர்களில் விளக்கம் இருக்கிறது. மறுமையைப் பற்றிய பேச்சு வாளி வரைக்கும் ஏன் வந்தது என்று அவளிடமே கேளுங்கள். என்ன சொன்னாள் என்று எனக்கும் எழுதுங்கள்.